தைக்கத் தெரிந்த கைகள்



ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே அமைந்த ஊர் மாதனூர். தோல் தொழிலால் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் மகளிர் ஒருபுறம். வீட்டுத் திண்ணையிலேயே காலணி தைக்கும் மகளிர் மறுபுறம். குழந்தையையும் முதியோரையும் விட்டு வெளியேற இயலாத இவர்களிடம், 'அப்பர்' எனப்படும் காலணியின் மேற்புறத்தை முகவர் கொண்டுவந்து தருவார். கையால் தைத்து முடித்தபின் பெற்றுச் செல்வார். கூலி ஜோடிக் கணக்கு. தடித்த தோலில் ஊசியை இழுத்திழுத்து விரல் புண்படும்; முதுகு நோகும். வைப்பு நிதி இல்லை. தாம் தைத்த காலணி கடல் கடந்து எவ்விலைக்கு விற்கிறது என்பதையும் அவர்கள் அறியார்.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணர்க்குத் தோல் உடன்பாடன்று. எனினும் தொழிலை விலக்குவது வேறு. அதில் வயிறு வளர்க்கும் ஏழைத் தாயை விலக்குவது வேறு. அவள் விரலில் ஏறும் ஊசியும் இம்சையே.

இத்தகையோர்க்குத் தையல் எந்திரம் வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. எந்திரம் நல்லதே. ஆனால் மாதனூர்ப் பெண்ணுக்குத் தைக்கத் தெரியாமல் இல்லை. துணி வாங்க முதலும், விற்கச் சந்தையும், விலை பேசத் துணையுமே இல்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வங்கியின் கதவைத் திறந்துவிட்டன. சந்தையின் கதவு அத்துணை எளிதில் திறப்பதன்று.

1959இல் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். இன்றைய லிஜ்ஜத் நிறுவனம் அவ்வாறு பிறந்ததே. அப்பளம் இடுவது அவர்கள் வீட்டில் அனைவரும் அறிந்த வேலை. அதில் புதுமை இல்லை. உழைப்பவர் ஒவ்வொருவரும் உடைமையாளர், இலாப நட்டம் எல்லார்க்கும் பங்கு என்னும் விதியே புதுமை. நன்கொடை பெறுவதில்லை என்றும் அவர்கள் உறுதி பூண்டனர். அறக்கட்டளைகள் ஊன்றிக் கருதத்தக்க செய்தி இது.

வந்தவாசியை அடுத்த வேடலில், கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியர் 500 பேரையும் காத்து உணவளிக்க இல்லறத்தார் பொறுப்பேற்றதை முதலாம் ஆதித்தன் காலக் கல்வெட்டு கூறும். இன்று கேட்பது அத்துணைப் பெரிதன்று. 2019 முதல் நெகிழிப் பைகளுக்குத் தமிழகத்தில் தடை உண்டு. சமணக் குடும்பத் திருமணங்களுக்கு வேண்டும் தாம்பூலப் பைகளைப் பருத்தித் துணியில் தைக்கும் பணியை மாதனூர் மகளிர் குழு ஒன்றிடம் ஒப்படைக்கலாம். விலையை அவர்களே கூறட்டும். துணிக்கான முன்பணத்தை மட்டும், முகூர்த்தம் குறித்த அன்றே கொடுத்துவிட வேண்டும்.