கூட்டு மந்திரிசபையும் கரிசல்காட்டு ஓட்டரும்

2024-ஆம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். அத்தேர்தலில் 543 ஸ்தானங்களில் பாரதிய ஜனதா கட்சிக்குக் கிடைத்தவை 240. மெஜாரிட்டிக்கு வேண்டியதோ 272. ஆகவே, ஆந்திராவின் தெலுங்கு தேசம் கட்சியார் 16 பேரையும், பீகாரின் ஐக்கிய ஜனதா தளத்தார் 12 பேரையும், இன்னும் சில சிறு கட்சிகளையும் சேர்த்துக்கொண்டே அது ஜூன் 9-ந் தேதி பதவி ஏற்றது.

இதைச் சிலர் அவியல் ஆட்சி என்று பரிகாசம் செய்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. ஒரே தலைவர் ஆண்டால்தான் நாடு உருப்படும் என்பது, ஒரு அவதார புருஷர் வந்து இரட்சிப்பார் என்கிற பழைய புராணத்தின் மறுபதிப்பே தவிர வேறல்ல. நாலு பேரைக் கேட்டு நடக்கவேண்டிய நிர்ப்பந்தம் ஆள்கிறவனுக்கு இருப்பது ஆளப்படுகிறவனுக்கு நன்மையேயாகும்.

ஆனால் கூட்டு என்பது பேரம். பேரம் தெரிந்தவனுக்கே அதில் பலன் உண்டு. 2024 ஜூலை 23-ந் தேதி பட்ஜெட்டில் ஆந்திராவின் தலைநகருக்கு அவ்வருஷத்தில் 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு என்றும், பீகார் ரோடுகளுக்கு 26,000 கோடி ரூபாய் என்றும் சொல்லப்பட்டது. இது கடவுள் கிருபையா? 16-ம் 12-ம் செய்த கிருபையே!

தமிழ்நாடு தன் 39 மெம்பர்களையும் எதிர்வரிசைக்கு அனுப்பிற்று. அது ஜனங்களின் தீர்ப்பு. அதனால் நமக்குக் கேட்கும் பாத்தியதை போய்விடுமா? வரி கட்டும்போது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் உண்டா?

நம் பக்கத்தைப் பாருங்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே ஜில்லா, ஒரே கரிசல், ஒரே வறட்சி. ஆனால் 2009 தேர்தல் முதல் அருப்புக்கோட்டை விருதுநகர் தொகுதியிலும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதியிலும் இருக்கின்றன. ஆகவே நம் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல இரண்டு மெம்பர்கள் இருக்கிறார்கள். 2018-ல் மத்திய சர்க்கார் பின்தங்கியவையாகப் பொறுக்கி எடுத்த ஜில்லாக்களில் தமிழ்நாட்டுக்குச் சேர்ந்தவை இரண்டே. அவை விருதுநகரும் இராமநாதபுரமுமே!

ஒரு ஓட்டில் என்ன இருக்கிறது என்பீர்களானால், 1999 ஏப்ரல் 17-ந் தேதி வாஜ்பாய் மந்திரிசபை 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை யோசித்துப் பாருங்கள். 2024-ல் விருதுநகரில் தோழர் மாணிக்கம் தாகூர் ஜெயித்த வித்தியாசம் 4,379 ஓட்டுகளே. நாலு தெருக்காரர் மனம் மாறினால் மெம்பர் மாறிவிடுவார். டில்லியில் சிறு கட்சிக்கு உள்ள பலம் இங்கே உங்கள் தெருவுக்கு உண்டு.

இவ்வளவு பெறுமான சாமானை நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் ஜாதிக்காரனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் காசு வாங்கிக்கொண்டு சூடத்தின் மேல் சத்தியம் செய்கிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். குற்றத்தின்மேல் செய்த சத்தியம் யாரைக் கட்டும்? மீறினால் கண் போய்விடும் என்று நடுங்குகிறவர்களைக் கேட்கிறோம்: வாக்குறுதியை மீறிய எந்த மெம்பருக்காவது கண் போயிற்றா?

ஆகையால், தோழர்களே! காசையும் வாங்காதீர்கள், சூடத்துக்கும் பயப்படாதீர்கள். டில்லியில் கூட்டுக் கட்சிகள் செய்வதுபோல் நீங்களும் நிபந்தனை போடுங்கள். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அதற்கு மத்திய சர்க்கார் பணம் எவ்வளவு? தறிக்காரனுக்கு நூலின் விலையும் வரியும் குறைய வழி என்ன? பிழைப்புக்காகப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவது எப்போது நிற்கும்? இந்த மூன்றையும் எழுதி, ஊர் கூடிக் கையெழுத்திட்டு, இரண்டு மெம்பர்களுக்கும் அனுப்புங்கள். வந்த பதிலைச் சாவடியில் உரக்கப் படியுங்கள். பதில் வராவிட்டால் அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த தேர்தலுக்குப் போங்கள். மழை பெய்யாததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வாய் திறவாததற்கு விதி காரணமல்ல, நாமே காரணம்.