லிடியர் வெள்ளிக் கலங்கள்



துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் உஷாக் என்றொரு நகரம் உண்டு. அந்நகர் அருகே உயர்ந்த மண்மேடுகள் சில இருக்கின்றன. பண்டை லிடிய நாட்டுச் செல்வர்கள் தம்முள் இறந்தோரைக் கல்லறையில் வைத்து, அதன்மேல் மண்ணைக் குவித்து எழுப்பிய மேடுகள் அவை. ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் அவற்றினுள் வெள்ளிக் கிண்ணங்களும் குடங்களும் அகப்பைகளும் உறங்கிக் கிடந்தன.

இவற்றைக் குரோசஸ் மன்னனின் செல்வம் என்று கூறுவோர் உண்டு. அது பொருந்தாது. அம்மன்னன் கி.மு. 546 அளவில் பாரசீகச் சைரஸிடம் நாட்டை இழந்தான். இக்கலங்களோ பாரசீகர் ஆட்சிக் காலத்தவை. ஆயினும் அவற்றுட் சிலவற்றின்மேல் லிடிய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசு போயிற்று, எழுத்து நிலைத்தது! அவ்வெழுத்துகள் 26, பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பெறுபவை. பார்வைக்குக் கிரேக்க எழுத்தின் உறவினர் போலத் தோன்றும், மொழியோ வேறு. பழைய தலைநகராகிய சார்டிஸில் 1912ஆம் ஆண்டு கிடைத்த கல்வெட்டு ஒன்றில் லிடிய மொழியும் அரமேய மொழியும் அருகருகே இருந்தமையாலேயே அறிஞர்கள் அதனைப் படிக்கத் தொடங்கினர்.

1965 முதல் 1968 வரை கொள்ளையர் இம்மேடுகளைத் தோண்டினர். கல்லறை ஒன்றின் கூரையை வெடி வைத்தே தகர்த்தனர். கலங்கள் கடல் கடந்து நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1984இல் அங்கே அவற்றுட் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தபோது அவற்றிற்கு இட்ட பெயர் யாது? "கிழக்குக் கிரேக்கக் கருவூலம்" என்பதே. லிடிய எழுத்தைத் தாங்கி நிற்கும் கலத்திற்கு அத்தகைய பெயர்!

துருக்கி அரசு 1987இல் வழக்குத் தொடுத்தது. களவாடப்பட்ட சுவரோவியத் துண்டுகளை அளந்து பார்த்தபோது, அவை கல்லறைச் சுவரில் பெயர்க்கப்பட்ட இடங்களோடு பொருந்தின. 1993இல் பொருள்கள் அனைத்தும் தாயகம் திரும்பின. பின்னர் 2006இல், கடற்குதிரை வடிவிலான பொற்பதக்கம் ஒன்று உஷாக் அருங்காட்சியகத்திலேயே களவு போய், அதனிடத்தில் போலி இருப்பது தெரிய வந்தது. மூலப் பதக்கம் பின்னர் ஜெர்மனியில் அகப்பட்டு, 2013இல் மீண்டது.

கலங்கள் மீண்டுவிட்டன, அவற்றின் எழுத்துகளையும் இன்று படிக்க முடிகிறது. ஆனால் எந்தக் கலம் எதன் அருகே, எவர் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது என்பதை நேரிற் கண்டவர்கள் அக்கொள்ளையர் மட்டுமே. அவர்கள் எதையும் குறித்து வைக்கவில்லை.