பகடையும் வீரமும்



கதையைப் படித்து இன்புறுதல் ஒன்று. கதையினுள்ளே தாமே ஒரு பாத்திரமாய் நடமாடுதல் மற்றொன்று. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் பாத்திரங்களாகிப் பேசுவர். முடிவு ஐயமாகும் கட்டத்திற் பகடை உருட்டுவர். 1974ஆம் ஆண்டின் பின்னர் அமெரிக்காவிற் பரவிய விளையாட்டு இது.

இவ்வகையில் 1981இல் வெளிவந்தது 'கால் ஆஃப் கதுலு'. அதிலே மனிதர் மிக எளியவர்; பயங்கரத்தின் முன்னே உடல் தளரும், அறிவும் பேதலிக்கும். அதற்குத் துணைநூலாக 2016இல் வந்தது 'பல்ப் கதுலு'. பல்ப் என்றால் மரக்கூழ். 1930களில் அமெரிக்காவிலே மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான சாகசக் கதை இதழ்களின் சுவையை மேசைக்குக் கொணர்வதே அந்நூலின் நோக்கம்.

அதற்கு அந்நூல் செய்த மாற்றம் யாது? பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளை இரட்டித்தது. அதிர்ஷ்டப் புள்ளிகளைச் செலவிட்டு ஆபத்திலிருந்து தப்பவும் வழி செய்தது. முன்பு அஞ்சி ஒளிந்தவன் இப்போது துணிந்து பாய்கிறான். எண்கள் மாறக் குணமும் மாறிற்று!

ஆயினும், செலவிட்ட புள்ளி அடுத்த இடரில் உதவாது. இப்பொழுதே செலவிடுவதா, வரவிருக்கும் பேரிடருக்கென வைத்திருப்பதா? பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தயங்கும் அந்தக் கணத்திலேதான் கதை உயிர் பெறுகிறது. தோல்விக்கு இடமில்லாத கதையில் வீரத்துக்கு வேலை ஏது?