தேர் வந்த மறுநாள்

(ராணுவ வீரரின் குடும்பத்துக்குப் பெரிய சோதனை அவர் புறப்படும் நாளா, திரும்பி வரும் நாளா? ‘திரும்பி வரும் நாளே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி காட்பாடி ஸ்டேஷனை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டார். ரயில் நகருது, கையை ஆட்டுறாங்க, குழந்தை அழுவுது... நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். ஆனா தம்பி, நீங்க கடைசி வரைக்கும் பிளாட்பாரத்தை விட்டு வெளியவே வரலையே! (சிரிப்பு) அங்கேயிருந்து பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து, மறுநாள் ரேஷன் கடை வரிசையில் நின்னவ நான். அதனால மீதிக் கதையை நான் சொல்றேன்.

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். 2019-ல் லடாக் பக்கம் ஃபீல்டு போஸ்டிங். ஃபீல்டு என்றால் குடும்பம் கூடப் போக முடியாது. அதில் மூணு மாசம் சியாச்சின் பனிமலைக் காவல். 1984 ஏப்ரலிலிருந்து நம்ம ராணுவம் அங்கே நிக்குது. சில காவல் நிலைகள் 20,000 அடி உயரத்தில் இருக்கு. நாம ஊட்டிக்குப் போய் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஏறிப் பார்க்கிற தொட்டபெட்டாவே 8,650 அடிதான். அங்கே ஆரஞ்சுப் பழம் கல்லா உறைஞ்சுபோகும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டா தோல் ஒட்டிக்கும். மூச்சுக்குக் காத்து போதாது, பசிக்காது, தூக்கம் வராது, ஞாபகம் மங்கும். இதெல்லாம் அவர் சொன்னதில்லை. போனில் கேட்டா, ‘நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்’ இவ்வளவுதான் பதில்.

2020 ஜூன் 15, கல்வான் பள்ளத்தாக்கு மோதல். நம்ம வீரர்கள் 20 பேர் உயிர் கொடுத்தாங்க. மறுநாள் டி.வி.யில் ‘தமிழகத்தைச் சேர்ந்த ஹவில்தார்’ என்கிற வார்த்தைதான் எனக்கு முதலில் காதில் விழுந்தது. ஐயா, அந்த வார்த்தைக்கும் அடுத்து வந்த பெயருக்கும் நடுவில் எத்தனை நொடி இருந்திருக்கும்? ராமநாதபுரம் மாவட்டத்துப் பழனி அவர்கள் பெயரைச் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் இல்லைன்னு தெரிஞ்சதும் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்துட்டதேன்னு வெட்கமா இருந்தது. அந்தக் குடும்பத்தை நினைச்சா, திரும்பி வர்றது ஒரு சோதனைன்னு சொல்ல நாக்கு கூசுது. அது தெரிஞ்சேதான் பேசறேன். (நீண்ட கைதட்டல்)

2021 கடைசியில், 24 வருஷ சேவை முடிஞ்சு, வெலிங்டன் சென்டரில் கணக்கை முடிச்சுக்கிட்டு, பேரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதின அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கினார். ஊரே வந்தது. என்ன அன்பு, என்ன விசாரிப்பு! அத்தனை அன்புக்கும் கடைசியில் ஒரே கேள்விதான்: ‘கேண்டீன் சரக்கு ஏதாவது இருக்கா?’ (சிரிப்பு)

முதல் வாரம் திருவிழா. எட்டாம் நாள்தான் ஐயா குடித்தனம் ஆரம்பம். காலையில் நாலரை மணிக்கு எழுந்து எல்லார் போர்வையையும் மடிச்சு வெச்சுடுவார். உள்ளே பையன் இருக்கானான்னுகூடப் பார்க்கமாட்டார்! (பலத்த சிரிப்பு) சாயந்திரம் பொண்ணைக் கூப்பிட்டு, ‘எந்த வகுப்பு படிக்கிறே?’ன்னு கேட்டார். சொன்னா. மறுநாளும் கேட்டார். மூணாம் நாளும் கேட்டார். எனக்குக் கோபம் வந்து, ‘பெத்த பொண்ணு என்ன படிக்குதுன்னுகூடத் தெரியாதா?’ன்னு கத்திட்டேன். அப்புறம் அதே யூனிட்டில் இருந்தவர் மனைவி ஒரு தங்கச்சி போனில் சொன்னா: ‘அக்கா, மேல இருந்து வந்தவங்களுக்குக் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் அடுப்பில் பாலை வெச்சுட்டு வாசலில் போய் நிப்பார்.’ கத்தின வாயை என்ன செய்யறது?

ஒருநாள், ‘பீரோ சாவி எங்கே?’ன்னு கேட்டார். நான் சட்டுன்னு, ‘ஏன், என்ன வேணும்?’னேன். ஒண்ணும் பேசாம போயிட்டார். அவர் சம்பாதிச்ச பணத்தில் வாங்கின பீரோ. சொந்த வீட்டில் சாவி கேட்ட மனுஷனை ‘ஏன்’னு கேட்டுட்டேன். கெட்ட எண்ணம் இல்லை ஐயா. கேஸ் பதிவு என் போன் நம்பரில், கரண்ட் பில் நான், மோட்டார் ரிப்பேர் நான், பையனுக்கு ராத்திரி காய்ச்சல்னா ஸ்கூட்டரில் வெச்சு ஓட்டினதும் நான். அவர் இல்லாம ஓடுறதுக்கு அந்த வீட்டைப் பழக்கி வெச்சிருந்தேன். இப்ப அவரை எங்கே உட்கார வைக்கிறதுன்னு எனக்கே தெரியல.

நப்பூதனார் முல்லைப்பாட்டு பாடினார். பத்துப்பாட்டிலேயே சின்னது, 103 அடி. தலைவி காத்திருக்கிறாள், மழை பெய்யுது, அங்கே பாசறையில் அரசனுக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் தேர்க்குதிரைச் சத்தம் கேட்குது. பாட்டு முடிஞ்சுபோச்சு! ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் காலையில் அந்த அரசன் எழுந்து, ‘கருவூலச் சாவி எங்கே?’ன்னு கேட்டிருப்பானா, மாட்டானா? (சிரிப்பு, கைதட்டல்) நம்ம எதிரணியும் தேர்ச் சத்தத்தோடயே எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க!

இரண்டு மாசம் ஆச்சு. வருஷா வருஷம் அவர் 60 நாள் லீவில்தான் வருவார். பிள்ளைகளுக்கு அப்பான்னா அந்தக் கணக்குதான். ஒன்பது வயசுப் பொண்ணு என்கிட்ட மெதுவா, ‘அம்மா, அப்பா லீவு எப்ப முடியும்?’னு கேட்டா. அவர் பின்னால் நிக்கிறார். கோபப்படல. வெளியே போய், காலையில் கழுவின ஸ்கூட்டரையே மறுபடி கழுவிக்கிட்டு இருந்தார்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்து, பரீட்சை முடிஞ்சு ரேங்க் கார்டு வந்தது. பழக்கப்படி என் முன்னால் வெச்சா. நானும் பேனாவைத் திறந்துட்டேன். அப்புறம், ‘அப்பாகிட்ட வாங்கிக்கோ’ன்னேன். ‘அப்பா கையெழுத்து டீச்சருக்குத் தெரியாதேம்மா!’ன்னா. அவர் வாங்கினார். ‘எங்கே போடணும்?’னு கேட்டார். பொண்ணு விரலை வெச்சுக் காட்டினா. நம்பர், ரேங்க், பேரு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்! (சிரிப்பு) அதுக்கு மேலே இருந்த கையெழுத்து எல்லாம் என்னுது.

அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன் ஐயா. ஸ்டேஷனில்கூட அவ்வளவு அழல. சந்தோஷமா, வேறயான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல. தீர்ப்பை உங்ககிட்ட விட்டுட்டேன். (கைதட்டல்)