ஒப்புமையும் உறவும்: புசான் மீன்சந்தையில் ஒரு மொழிப்பாடம்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் உரையாற்றப் பணித்தபோது, இலக்கணத் தலைப்பொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும் இன்று ஒரு சுற்றுலாவைப் பற்றியே பேச முற்படுகிறோம். சென்ற ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், துணைவியாரும் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பேத்தியும் உடன்வர, தென்கொரியாவின் துறைமுக நகரமாகிய புசானில் ஒரு நாளைக் கழித்தோம். அந்த ஒரு நாள், முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிவந்த பாடத்தை மீண்டும் எமக்கே கற்பித்தது.

பயணத்தின் காரணம் எங்கள் பேத்தி. பல இளையரைப் போலவே அவளும் கொரிய நாடகங்களில் தோய்ந்தவள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி தருபவள். ஒருநாள் தன் கைப்பேசியில் ஒரு சொற்பட்டியலைக் காட்டினாள். அம்மாவுக்கு ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’, நானுக்கு ‘நா’, நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’ எனப் பட்டியல் நீண்டது. “தாத்தா, தமிழும் கொரியமும் ஒரே குடும்பம்தானே?” என்று கேட்டாள். தமிழைப் பற்றி அவள் தானாகவே கேட்ட முதல் கேள்வி அதுதான். ‘இல்லை’ என்றால் ஆர்வம் அணைந்துவிடும். ‘ஆம்’ என்றால் கற்ற கல்விக்குப் பொய்யாவோம். “நேரில் சென்று கேட்டுப் பார்ப்போம்” என்று கூறித் தப்பித்துக்கொண்டோம்.

கிம்ஹேயில் காலைப்பொழுது

காலையில் இலகு ரயிலேறி, புசானுக்கு அண்மையிலுள்ள கிம்ஹே நகருக்குச் சென்றோம். அங்குப் பண்டைய கயா நாட்டு மன்னர் சுரோவின் கல்லறை புல்மேடாக எழுந்து நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ என்னும் நூல், கி.பி. 48இல் ‘ஆயுத்த’ நாட்டு இளவரசி ஒருத்தி கடல்கடந்து வந்து சுரோவை மணந்தாள் என்கிறது. ஹோ ஹ்வாங் ஓக் என்பது அவள் பெயர். ஆயுத்த என்பதை அயோத்தி என்பார் உளர். தமிழகத்தோடு பொருத்துவார் உளர். கல்லறை வாயிலில் எதிரெதிரே வரையப்பட்டுள்ள இரு மீன்களைக் கண்டதும், “பாண்டியர் கொடி!” என்று பேத்தி கூவினாள்.

அவள் மகிழ்ச்சியை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் இரண்டைச் சொன்னோம். கதை கூறும் நிகழ்ச்சிக்கும் அதைத் தாங்கிய நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் உள்ளன. மீனைச் சின்னமாகக் கொள்ள, கடலும் ஆறும் உடைய எந்த மக்களுக்கும் காரணம் உண்டு. கதை மறுக்கத்தக்கது என்பதன்று நம் கருத்து. இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஓர் எழுத்து, இரண்டு ஒலி

திரும்பும் வழியில் மற்றொன்றைக் கவனித்தோம். பழைய நூல்களில் இந்நகரின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘பி’யில் தொடங்கும், 2000ஆம் ஆண்டில் உரோமன் எழுத்துமுறை திருத்தப்பட்டபின் ‘பந்து’ என்பதன் முதலொலிபோல் எழுதுவதா, ‘அன்பு’ என்பதன் ஈற்றொலிபோல் எழுதுவதா என்ற வினாவுக்குப் பின்னதே விடையாயிற்று. ஊரார் உச்சரிப்போ மாறவில்லை. கொரியத்தில் இவ்வொலிக்கு எழுத்து ஒன்றே. அது சொல்லின் முதலில் அதிர்வின்றியும், உயிர்களின் இடையில் அதிர்வுடனும் ஒலிக்கும். நம் பகரமும் அத்தகையதே. ‘பந்து’ என்பதிலும் ‘அன்பு’ என்பதிலும் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழுக்கு எழுத்துப் பற்றாக்குறை என்று குறைகூறுவோருக்கு இது நல்ல விடை. இடம் நோக்கி ஒலி தானே மாறும்போது தனியெழுத்து வேண்டுவதில்லை.

கொரிய எழுத்தை மாமன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டார். நாவும் பல்லும் உதடும் கொள்ளும் வடிவை நோக்கி அதன் அடிப்படை மெய்யெழுத்துகள் வரையப்பட்டன. ஒலி பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியப் பிறப்பியல் நுணுகி ஆராய்ந்ததை நாம் அறிவோம். அங்கு அவ்வறிவு எழுத்தின் வடிவாயிற்று. இங்கு இலக்கண நூற்பாவாயிற்று.

ஜகல்ச்சி சந்தை

நண்பகலில் ஜகல்ச்சி மீன்சந்தையை அடைந்தோம். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போது புசான் தற்காலிகத் தலைநகராக விளங்கியது. ஏதிலியர் இங்குக் குவிந்தனர். குடும்பத்தைக் காக்க மீன்கூடை சுமந்த பெண்களால் இச்சந்தை பெயர்பெற்றது. ‘ஜகல்ச்சி அஜிமே’ என்று அவர்களை இன்றும் அன்போடு அழைக்கின்றனர். இரப்பர்க் காலணியும் மேலங்கியுமாக, தொட்டிகளின் நடுவே நின்று உரத்த குரலில் விலைகூறும் அப்பெண்களைக் கண்டதும், “நம் சந்தை போலவே இருக்கிறது” என்றார் துணைவியார்.

அங்கு எங்கள் கண்ணில் பட்டது ஒரு வாசகம். ‘ஓயிசோ, போயிசோ, சாயிசோ’. வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள் என்பது பொருள். பள்ளிப் பாடநூற் கொரியத்தில் இது ‘ஓசேயோ, போசேயோ, சாசேயோ’ என்றிருக்கும். சந்தை விழாவுக்கு முழக்கமாக வைத்திருப்பதோ கியோங்சாங் வட்டார வழக்கு. எழுத்து வழக்கில் ‘வாருங்கள்’ என்பது நம் பேச்சில் ‘வாங்க’ என்றாவது போன்றதே இது. சோல் நகரத்தார் சில வேளைகளில் நகைக்கும் அவ்வழக்கைப் புசான் மக்கள் மறைக்கவில்லை. ஊரின் முகப்பில் எழுதி வைத்திருக்கின்றனர்.

மீனின் பெயர்கள்

கீழ்த்தளத்தில் உயிர்மீனைத் தேர்ந்து வாங்கி, மேல்தளத்தில் இடத்திற்கும் துணைகறிகளுக்கும் தனிக்கட்டணம் செலுத்தி உண்பது இச்சந்தையின் முறை. அகன்று தட்டையான மீன் ஒன்றைக் காட்டி விலை கேட்டோம். ‘குவாங்கொ’ என்றார் விற்ற பெண்மணி. சீனவழிச் சொல் அது. ‘அகன்ற மீன்’ என்று பொருள். அதே மீனுக்குத் தூய கொரியப் பெயரும் உண்டு; ‘நொப்ச்சி’. அதற்கும் ‘அகன்ற மீன்’ என்பதே பொருள். வியப்பு என்னவெனில், அறிவியல் நூல்கள் தூய பெயரை ஆள்கின்றன. சந்தை சீனவழிப் பெயரை ஆள்கிறது. ‘ஒ’ என முடிபவை பெரும்பாலும் சீனவழிப் பெயர்கள். ‘ச்சி’ என முடிபவை நாட்டுப் பெயர்கள். நெத்திலி அங்கே ‘மியோல்ச்சி’. சந்தையின் பெயரும் ‘ஜகல்’, அதாவது கூழாங்கல், என்னும் சொல்லோடு ‘ச்சி’ சேர்ந்ததே. இந்த இறுதிக் கூறு இடத்தைக் குறித்ததா, மீன்பெயர் விகுதியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

நாங்கள் வாங்கிய மற்றொரு மீன் ‘கல்ச்சி’. வெள்ளித் தகடு போல் நீண்டு மின்னுவது. கத்தியைக் குறிக்கும் இன்றைய கொரியச் சொல் மூச்சொலியுடன் ‘க்ஹல்’ என்று ஒலிக்கும். இடைக்காலத்தில் அது ‘கல்’ என்றே இருந்தது. அப்பழைய வடிவம் இம்மீனின் பெயரில் உறைந்து நிற்கிறது. கத்திமீன் என்பது பொருள்.

“தாத்தா, தமிழில் இதற்கு என்ன பெயர்?” என்று பேத்தி கேட்டாள். முனைவர் பட்டம் பெற்ற எமக்கு விடை தெரியவில்லை. அதனை வறுத்த மீனாகவே உண்டிருக்கிறோம், பெயரைக் கேட்டதில்லை. பச்சை மீனைத் தொடமாட்டேன் என்று, உப்பிட்டுச் சுட்ட கல்ச்சியைப் பிட்டுக்கொண்டிருந்த துணைவியார் நிமிராமலே, “சாவாளை. வாளைன்னும் சொல்லுவோம்” என்றார்.

வாளை! வாள் என்னும் சொல் உள்ளேயே நிற்கிறது. கொரியர் கத்தியைக் கண்ட அதே வடிவில் தமிழர் வாளைக் கண்டனர். பேத்தியின் முகம் மலர்ந்தது. “அப்படியென்றால் உறவுதானே?” என்றாள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட விடையை அந்த மேசையில் சொல்லியாக வேண்டியிருந்தது.

உறவை எவ்வாறு அறிவது?

‘கல்’, ‘வாள்’ இரண்டின் ஒலிக்கும் தொடர்பில்லை. பொருள் நோக்கு மட்டுமே ஒன்று. இரு மக்கள் ஒரே மீனைக் கண்டனர், ஒன்றுபோல் எண்ணினர். இது மனித மனத்தின் ஒற்றுமை. மொழிக் குடும்பத்தின் சான்று அன்று. மேசையிலிருந்த காரக்குழம்பும் இதையே சொல்லிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதுக்காயை நாம் பழைய மிளகின் பெயரால் ‘மிளகாய்’ என்றோம். கொரியரும் மிளகுக்குரிய ‘ஹூச்சு’வில் உள்ள அதே கூறமைத்து ‘கோச்சு’ என்றனர்.

மொழியுறவுக்கு வேண்டியது ஒலிகளின் ஒழுங்கான இணைவு. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதைக் காண்க: பால், ஹாலு, பூ, ஹூவு, புலி, ஹுலி, பாம்பு, ஹாவு. ஒன்றைத் தெரிந்தால் மற்றதை முன்கூட்டியே சொல்லலாம். கொரியத்தில் பாம்பு ‘பேம்’. பட்டியல் எழுதுவோர் இங்கே மகிழ்வர். ஆனால் பால் ‘ஜொத்’, பூ ‘கொத்’, புலி ‘ஹொராங்கி’. ஒழுங்கு இல்லை. அம்மா, அப்பா போன்றவை மழலையின் முதல் உதட்டொலிகளிலிருந்து உலகெங்கும் தோன்றக்கூடியவை என்பதை ரோமன் யாக்கப்சன் விளக்கியுள்ளார்.

கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இல் ஓர் இலக்கண நூலே எழுதினார். வினை இறுதியில் வருதல், உருபு பெயர்க்குப் பின் ஒட்டுதல் ஆகியவற்றை அவர் சரியாகவே கண்டார். ஆனால் அவ்வமைப்பு ஜப்பானியத்திற்கும் துருக்கியத்திற்கும் உண்டு. அமைப்பு ஒத்திருப்பது ஒன்று. ஒரு தாய் வயிற்றில் பிறந்திருப்பது மற்றொன்று. ஹல்பர்ட்டின் கொள்கையை இன்றைய ஒப்பியல் மொழியியலார் ஏற்பதில்லை.

பேத்தி சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் தமிழுக்கு என்ன சிறப்பு?” என்றாள். அவ்வினாவே எம்மை இன்று இம்மேடைக்கு அழைத்து வந்தது. பிறமொழியின் உறவு கிடைத்தால்தான் தன் மொழி சிறக்கும் என்று ஒரு பிள்ளை எண்ணுமாயின், அக்குறை அப்பிள்ளையுடையதன்று. நாம் அவளுக்குத் தமிழை எவ்வாறு தந்தோம் என்பதே குறை. தேர்வுக்குரிய சொற்களைத் தந்தோம், சாவாளையைத் தரவில்லை.

நாம், நாங்கள்

மாலையில் ஹெயுண்டே கடற்கரையில் அமர்ந்திருந்தபோது ஒரு செய்தியைக் கூறினோம். கொரியர் ‘என் அம்மா’ என்னாமல் ‘ஊரி ஒம்மா’, அதாவது ‘எங்கள் அம்மா’, என்பர். நாமும் ஒற்றைப் பிள்ளையாயினும் ‘எங்கள் அம்மா’ என்கிறோம். ஆனால் அவர்களின் ‘ஊரி’ கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்பதைச் சொல் காட்டாது, சூழலே காட்டும். தமிழோ ‘நாம்’ என்று சேர்க்கிறது, ‘நாங்கள்’ என்று விலக்குகிறது. “ஆங்கிலத்திலும் இது இல்லையே” என்றாள் பேத்தி. ஆம், இல்லை. நாடோறும் வீட்டில் கேட்கும் சொல்லில் இவ்வளவு நுட்பம் இருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். அதற்குக் கொரியத்தின் உறவு தேவைப்படவில்லை. கொரியத்தின் அண்மை உதவியது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விடுமுறையில் மாணவர்களுக்கு ஓர் எளிய பணி கொடுங்கள். பாட்டியோடு சந்தைக்குச் சென்று பத்து மீன்களின் பெயரைக் கேட்டு எழுதி வரட்டும். பேச்சு வழக்கில் இருந்தால் அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டா. மலாய்ப் பெயர் கலந்திருந்தால் அதையும் எழுதட்டும். குவாங்கொவும் நொப்ச்சியும் ஒரே கடையில் வாழ்கின்றன. பெயரின் காரணத்தை வகுப்பில் ஆராயுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பட்டியல்களைக் கண்டால் மகிழுங்கள், பின்னர் ஐயுறுங்கள். ஐயம் மொழிப்பற்றுக்குப் பகையன்று.

ஊர் திரும்பிய வாரத்தில் பேத்தி தன் பாட்டியுடன் சந்தைக்குச் சென்றாள். “அண்ணே, சாவாளை இருக்கா?” என்று அவளே கேட்டாளாம். அன்று சாவாளை வரவில்லை. நெத்திலி வாங்கி வந்தார்கள். அதன் கொரியப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைந்தாள்.