கிறிஸ்தவர்களுக்கு ஆபத்து வெளியிலா? உள்ளிலா?



இன்று நம்மை இங்கு அழைத்த வாலிபத் தோழர்கள், கிறிஸ்தவ சபைகளுக்கும் கிறிஸ்தவ மக்களுக்கும் இக்காலத்தில் ஏற்பட்டிருக்கும் கஷ்டங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். கடவுளும் இல்லை, மோட்சமும் இல்லை என்று ஊரூராய்ச் சொல்லித் திரிகிற நம்மை இதற்குக் கூப்பிடுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. யோசித்துப் பார்த்ததில், பாதிரியாரும் உபதேசியாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாத சங்கதி ஒன்று இருக்கிறதென்றும், அதைச் சொல்வதற்குச் சபையில் சேராத ஒருவன் வேண்டியிருக்கிறதென்றும் தெரிந்தது. நமக்குச் சபையில் பதவியும் வேண்டியதில்லை. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலமும் வேண்டியதில்லை. ஆகையால் ஒளிக்காமல் பேச நமக்குள்ள சவுகரியம் உங்களுக்கில்லை.

கன்னி பிள்ளை பெற்றாள், செத்தவர் எழுந்தார் என்பவை பற்றி நமது அபிப்பிராயம் நீங்கள் அறிந்ததே. புராணத்திற்கு ஒரு தராசு, பைபிளுக்கு ஒரு தராசு என்று நம்மிடம் இரண்டு தராசு கிடையாது. ஆனால் இன்று பேச வந்தது கடவுளைப் பற்றியல்ல, மனிதர்களைப் பற்றி.

2011ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44 லட்சத்திற்குச் சற்று மேல்; அதாவது நூற்றுக்கு ஆறு பேர். இந்த ஆறு பேர் மற்ற தொண்ணூற்று நான்கு பேரையும் விழுங்கிவிடப் போகிறார்கள் என்று ஒரு கூட்டம் ஓயாமல் கூச்சல் போடுகிறது. அந்தக் கூச்சல் வெறும் கூச்சலாக நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. 1967இல் ஒரிசாவில் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்து அதற்கு "மத சுதந்திரச் சட்டம்" என்று பெயர் வைத்தார்கள். பூட்டுக்குச் சாவி என்று பெயர் வைத்தது போன்ற வேலை இது. பிறகு பல மாகாணங்களில் இதே மாதிரிச் சட்டங்கள் வந்தன. நமது நாட்டிலும் 2002இல் கொண்டு வந்து, 2004இல் எடுத்து விட்டார்கள். 1999இல் ஒரிசாவில் குஷ்டரோகிகளுக்கு ஊழியம் செய்த ஒரு ஆஸ்திரேலியப் பாதிரியை, வண்டிக்குள் தூங்கிக் கொண்டிருந்த அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். 2008இல் அதே ஒரிசாவின் கந்தமாலில் வீடுகளும் கோவில்களும் எரிந்தன; ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். திருச்சி ஜில்லாவில் பிறந்து, ஜார்க்கண்டுக் காடுகளில் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டேன் சுவாமி என்ற ஏசுசபைப் பாதிரியார் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். வயது 83. கை நடுங்கும் வியாதி. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த குவளை ஒன்றுக்குக் கோர்ட்டில் மனுப் போட்டுக் காத்திருந்தவர் அவர். விசாரணை தொடங்கு முன்பே 2021 ஜூலை 5ஆம் தேதி காவலிலேயே மாண்டார்.

இந்தக் காரியங்களிலெல்லாம் நாம் கிறிஸ்தவர்கள் பக்கம்தான். இதை மழுப்பாமல் சொல்லுகிறோம். மதத்தின் மேலுள்ள பிரியத்தால் அல்ல. ஒருவன் தனக்குப் பிடித்த மதத்திற்குப் போக உரிமையில்லாத நாட்டில், மதமே வேண்டாமென்று விட்டொழிக்க மட்டும் உரிமை எங்கிருந்து வரும்? இன்று பாதிரியைக் கேட்கிற போலீஸ்காரன் நாளை நம்மைக் கேட்பான்.

நிற்க. வெளியிலிருந்து வரும் ஆபத்தைச் சொன்னால் பாதிரிமார்கள் எல்லோரும் கை தட்டுவார்கள். இனிச் சொல்லப் போவதற்குக் கை தட்டுவார்களோ என்னவோ தெரியாது.

தோழர்களே! கிறிஸ்து மார்க்கத்தில் ஜாதி இல்லை என்கிறார்கள். புஸ்தகத்தில் இல்லாமலிருக்கலாம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய நாட்டு ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரி, தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக் கொண்டு, காவி கட்டி, பூணூலும் போட்டு, பிராமண சன்னியாசி மாதிரி வாழ்ந்தார். மேல்ஜாதியாரைச் சேர்க்க அதுதான் வழி என்பது அவர் யுக்தி. ரோமாபுரியில் இதைப் பற்றிப் பெரிய விவகாரம் நடந்து, 1623இல் போப்பாண்டவரே பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்து விட்டார். பிறகு கீழ்ஜாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிப் பாதிரிமார்கள் ஏற்பட்டார்கள். கடவுள் ஒருவர், பாதிரி இரண்டு தினுசு! மனிதனைப் படைத்தது ஒரே கர்த்தர் என்று பிரசங்கித்தவர்களுக்கு இது ஏன் உறுத்தவில்லை என்று கேட்டால், "அக்காலத்து நிலைமை அப்படி" என்கிறார்கள். மனுவுக்கும் அதைத்தானே பதிலாகச் சொல்லுகிறார்கள்?

புராட்டஸ்டண்டுக்காரர்கள் கதை வேறென்று எண்ண வேண்டாம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் இருந்த வேளாளக் கிறிஸ்தவர்கள் கிளம்பினார்கள் பாருங்கள்! இராப்போஜனத்தில் ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பதா என்று சபையை விட்டே வெளியேறினார்கள். பிற்பாடு அவர்களில் பலருக்கு, ஜாதியில் அவ்வளவு கண்டிப்பில்லாத லுத்தரன் மிஷன் கதவைத் திறந்து விட்டது. கிறிஸ்துவை விட்டாலும் விடலாம், பிள்ளைப் பட்டத்தை விட முடியாது என்பதுதான் அவர்கள் ஞானஸ்நானத்தின் பலன்.

பாதிரிமார் செய்த நன்மையை மறைக்க நாம் வரவில்லை. தெருவில் நடக்கக் கூடாதென்றிருந்தவர்களின் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடத் தோள்சீலை போடுவதற்கு நடந்த போராட்டத்தில் அப்பெண்கள் பக்கம் நின்று, 1859இல் ராஜாவின் விளம்பரம் வரும்படி செய்ததில் மிஷனரிகளின் பங்கு பெரியது. நம்மவர் எத்தனை மடாதிபதிகள் அதைச் செய்தார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையே கோவிலில் பிரித்து வைத்தது என்பதுதான் சங்கடம்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். அங்கே 1872இல் ஏசுசபைப் பாதிரிகள் ஒரு கோவில் கட்டினார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால் வைத்த கோவில் அது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் பிள்ளை, முதலியார்மார். மற்றொன்றில் நாடாரும் மற்றவர்களும். நடுவே தடுப்பு. இரண்டு பக்கமும் சாமியாரைப் பார்க்கலாம். ஒருவரை யொருவர் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு கட்டடத்திற்குப் படம் போட்டுக் கொடுத்த மூளையை என்னவென்று சொல்வது! 1910 வாக்கில் பாதிரிகளே அந்தத் தடுப்பை இடித்தார்கள். உடனே பிள்ளைமாரும் முதலியார்மாரும் பிஷப்பின் மேல் வழக்குப் போட்டார்கள். மறுபடியும் சுவர் வைத்துத் தர வேண்டுமாம். பூசைக்கு உதவி செய்யும் உரிமை தங்களுக்கே வேண்டுமாம். வழக்கு சென்னை ஐக்கோர்ட் வரைக்கும் போயிற்று. 1917இல் வெளியான தீர்ப்பில் கோர்ட்டார், நீங்கள் கேட்கும் உரிமைக்குத் தீட்டு என்பதைத் தவிர வேறு மூலமில்லை, கிறிஸ்தவர்களாகிய உங்களுக்கு அதைக் கோர்ட்டு நிலைநாட்டித் தர முடியாது என்ற கருத்தில் தள்ளி விட்டார்கள். இந்தத் தீர்ப்பைத் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கிறது.

அது பழங்கதை என்பீர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே செத்த பிணங்களுக்கு நடுவில் ஜாதிச் சுவர் எழுப்பி வைத்தது பழங்கதையா? நியாயத் தீர்ப்பு நாளில் எக்காளம் ஊதும்போது சுவருக்கு இந்தப் பக்கத்தார் முதலில் எழுந்திருப்பார்களோ? 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள், எங்கள் பிணத்தைப் பொதுத் தெரு வழியே கோவிலுக்குக் கொண்டு போக விடமாட்டீர்களானால் எங்கள் கோவிலைத் தனிப் பங்காக ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். வீடுகள் தாக்கப்பட்டு, கலகம் முற்றி, போலீசார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். அடித்தவரும் கிறிஸ்தவர், அடிபட்டவரும் கிறிஸ்தவர், செத்தவரும் கிறிஸ்தவர். எல்லார் வீட்டிலும் ஒரே மாதா படம்தான்.

இப்போது மிகவும் முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். சென்னையில் தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு ஆதிதிராவிடத் தோழர். கிறிஸ்தவர். செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டத்தில், பக்கத்திலிருக்கும் இந்து சக்கிலித் தோழருக்குக் கடை கிடைத்தது, இவருக்கு இல்லை. அதே தெரு, அதே ஊசி, அதே தோல். ஞானஸ்நானம் வாங்கினதுதான் வித்தியாசம். ஏனென்றால் 1950இல் ராஷ்டிரபதி போட்ட உத்தரவில் தாழ்த்தப்பட்ட ஜாதியார் என்பவர் இந்துவாக இருக்க வேண்டுமென்று எழுதியிருக்கிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்துக் கொண்டார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஆகவே தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஜாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைச் சட்டமும் துணைக்கு வராது. தமிழ்நாட்டில் இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அங்கே போட்டிக்கு நிற்பவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தோழர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறின பிறகும் கிறிஸ்தவ சமூகத்திற்குள்ளே அதே அளவு இழிவும் கஷ்டமும் தொடருகிறதென்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லித் தள்ளி விட்டார்கள்.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்ஜாதிக் கிறிஸ்தவன் போய்த் தீட்டைக் காப்பாற்று என்றபோது, உன் மதத்தில் தீட்டில்லையே என்றார்கள். சரி. கீழ்ஜாதிக் கிறிஸ்தவன் போய்த் தீட்டால் சாகிறேன் என்றபோது, உன் மதத்தில் தீட்டு இருக்கிறதா, காட்டு என்றார்கள். காட்ட வேண்டிய ஆதாரம் யாரிடம் இருக்கிறது? செருப்புத் தைப்பவரிடமா இருக்கிறது? பங்குச் சாமியாரின் கல்லறைப் புஸ்தகத்தில் இருக்கிறது. தேர்பவனி எந்தெந்தத் தெருவுக்குப் போகவில்லை என்ற வழக்கத்தில் இருக்கிறது. பிஷப்புமார்களின் பெயர் வரிசையில் இருக்கிறது. அதாவது சாட்சி சொல்ல வேண்டியவர்களே குற்றவாளிக் கூண்டிலும் நிற்க வேண்டியவர்கள். அதனால்தான் வாய் திறக்கவில்லை.

2016 டிசம்பரில்தான் கத்தோலிக்க பிஷப்புகள் மாநாட்டார், சபைக்குள் தீண்டாமை நடக்கிறது, இது வெட்கக்கேடு என்று எழுத்து மூலமாக ஒப்புக் கொண்டார்கள். இந்தியாவில் சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்பதும் அவர்கள் சொன்ன கணக்கே. ஆனால் தலித் ஒருவர் கர்தினாலாக வந்தது 2022இல்தான். ஐதராபாத்து பிஷப் அந்தோணி பூலா. டி நொபிலி வந்து 416 வருஷம்! 2023 ஏப்ரலில் நமது சட்டசபை, தலித் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. அதை நாம் முழு மனதோடு ஆதரிக்கிறோம். சர்க்காரைப் பார்த்து, எங்கள் ஜனங்களுக்கு ஜாதிக் கொடுமை இருக்கிறது, சலுகை கொடு என்று பிஷப்புமார் ஊர்வலம் போகிறார்கள், அதுவும் சரியே. ஆனால் அந்த ஊர்வலத்தில் முன்னால் போகிறவர், திரும்பி வந்து தன் சொந்த மறைமாவட்டத்தில் எந்தக் கல்லறைச் சுவரை இடித்தார் என்று கேட்டால் கோபித்துக் கொள்ளுகிறார். 2025இல் கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் தலித் கத்தோலிக்கர்கள் இதே கொடுமைக்காகச் சுப்ரீம் கோர்ட் வரையில் போக வேண்டியிருந்தது. அவர்கள் எதிர்த்து வழக்காடுவது ஆர்.எஸ்.எஸ்.காரனையா? அல்லவே!

தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1947இல் வெள்ளைக்காரன் நாட்டிலே பிரிந்து கிடந்த சபைகளை இங்கே ஒன்றாக்கிக் காட்டினவர்கள் நீங்கள். வெள்ளைக்காரன் பிரித்ததை ஒட்ட வைக்க முடிந்தவர்களுக்கு, மனு பிரித்ததை ஒட்ட வைக்க முடியவில்லை. பிஷப் தேர்தலென்றால் ஜாதிக் கணக்கு, சொத்தென்றால் கோர்ட். கலியாண விளம்பரத்தில் "மீட்கப்பட்ட" மணமகள் வேண்டுமென்று போட்டு, அடுத்த வார்த்தையிலேயே ஜாதியையும் போடுகிறீர்கள். எதிலிருந்து மீட்கப்பட்டாள் என்று நமக்கு விளங்கவில்லை.

இன்னொன்று. சபைக்குள் மரியாதை கிடைக்காத ஏழைகள் என்ன செய்கிறார்கள்? சுகமளிக்கும் கூட்டத்திற்குப் போகிறார்கள். அங்கே தோளோடு தோளாக உட்கார இடம் கிடைக்கிறது; அதோடு சர்க்கரை வியாதி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் புத்திமதியும் கிடைக்கிறது. ஊழியக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ஆஸ்பத்திரி. இதைப் பற்றி வேறொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

நம்மை அழைத்த வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். உங்கள் உங்கள் ஊரில், கல்லறை ஒன்றா இரண்டா, சுவர் உண்டா இல்லையா, பிணம் எந்தத் தெருவால் வருகிறது, பாடகர் குழுவில் யார், பீடத்தில் உதவி செய்வது யார் பிள்ளை, பங்குப் பேரவையில் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாமியாரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பிஷப்புக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தலித் கிறிஸ்தவர், தலித் முஸ்லிம் நிலைமையை விசாரிக்க 2022இல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் சர்க்கார் கமிஷன் வைத்தார்கள் அல்லவா? அப்படிப்பட்ட கமிஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்ச் சேர வேண்டிய காகிதம் அதுதான். "சபை மானம் போய்விடும், வெளியாருக்குக் காட்டாதே" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். மானம் போனது சுவர் வைத்த அன்றைக்கு.

நேரமாகி விட்டது. நம்மோடு மாறுபட்ட அபிப்பிராயமுள்ள பாதிரித் தோழர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கும் பேச இடம் கொடுக்கும்படி தலைவரைக் கேட்டுக் கொண்டு உட்காருகிறோம்.