கடாரத்துக் கற்களைக் காணப் புறப்படுவோம்

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற நன்கொடையாளர் பாராட்டு நிகழ்ச்சியில் செயலவை உறுப்பினர் ஆற்றிய உரை)

'நம் வட்டாரத்து அருங்காட்சியகங்களும் நாமும்' என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் பணித்தார். ஆலய விழா மேடையில் அருங்காட்சியகத்திற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம்மில் பலர் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் இராமேசுவரத்திற்கும் சென்று வந்திருக்கிறோம். சிலர் காசிக்கும் சென்றிருக்கிறார்கள். ஆனால் வடக்கே ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், ஜெராய் மலையடிவாரத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட ஒரு சிவாலயத்தின் அடித்தளம் இருக்கிறது. அதை நேரில் கண்டவர்கள் கை தூக்குங்கள் என்றால், இந்த மண்டபத்தில் எத்தனை கைகள் உயரும்?

நான் சொல்வது கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கு. வடக்கே ஜெராய் மலை, தெற்கே மூடா ஆறு, இடையில் மெர்போக் ஆறு. வயல்களும் கம்பங்களும் பழைய ரப்பர்த் தோட்டங்களுமாக இருக்கும் அமைதியான நாட்டுப்புறம் அது. ஜெராய் மலை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அந்த மலையே அடையாளம். பருவக் காற்றில் வந்த கப்பல்கள் இங்கே சரக்கை இறக்கி, அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தன. வணிகம் வந்த வழியில் சமயமும் எழுத்தும் வந்தன.

இந்தப் பகுதியையே நம் முன்னோர் கடாரம் என்று அழைத்தனர் என்பது அறிஞர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்ற பெயருக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் எழுதினார். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின்மீது படையெடுத்த செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. இது நம் பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் அதற்கு முன்பே, இராசராசன் காலத்தில், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்ப, சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அந்தச் செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. படையெடுப்பை மட்டும் நினைவில் வைத்து, கொடையை மறந்துவிடுவது நியாயமாகாது. அதுவும் அறக்கொடையாளர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் அந்தக் கொடையைச் சொல்லாமல் இருக்கலாமா?

இனி, அங்கே சென்றால் எதைக் காணலாம் என்று சொல்கிறேன்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் வழியாக மெர்போக்கை அடையலாம். அங்கே மலைச்சரிவில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1980இல் அமைக்கப்பட்டது. உள்ளே ஆவுடையார்க் கற்கள், பல நிற மணிகள், சீனப் பீங்கான் உடைசல்கள், மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பெட்டியில் சீனமும், அடுத்ததில் அரபு நாடும், அதற்கடுத்ததில் பாரதமும் இருப்பதுபோலத் தோன்றும். இந்த நாடு இன்று மட்டுமல்ல, அன்றும் பல இனத்தவர் கூடிய இடம் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகக் கற்பிக்க முடியாது.

வெளியே, மலைச் சிற்றாற்றின் ஓரத்தில், புக்கிட் பத்து பகாட் ஆலயம். மலாய் மொழியில் 'சண்டி' என்பார்கள். பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். இதை 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் துணைவியார் டோரதியும் அகழ்ந்து ஆராய்ந்தனர். இந்த வட்டாரத்தில் சுமார் முப்பது இடங்களை அவர்கள் ஆராய்ந்து எண்ணிட்டார்கள். இந்த ஆலயம் எட்டாம் எண். பின்னர் அலஸ்டர் லேம்ப் என்பவர் மீண்டும் அகழ்ந்து, 1960 வாக்கில் சீரமைத்தார். வேறு இடங்களில் கிடைத்த பெண்டாங் டாலாம், பெண்டியாட் முதலிய ஆலயங்களின் அடித்தளங்களும் இங்கே கொண்டுவந்து அமைக்கப்பட்டுள்ளன.

நம் ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றோம். கருங்கல் மேடையைச் சுற்றி வந்த ஒரு சிறுமி, "ஐயா, இங்கே சாமி எங்கே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கோபுரம் இல்லை, விமானம் இல்லை, மூலவரும் இல்லை. கிழக்கு நோக்கிய மேடையும், தூண்களைத் தாங்கிய கற்களும் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கற்களின்மேல் மரத்தூண்கள் நின்றன, மேலே மரக்கூரை இருந்தது என்பதே ஆய்வாளர் முடிவு. மரம் மக்கிவிட்டது, கல் நின்றது. உயர்ந்த பகுதி கருவறை இருந்த இடம், தாழ்ந்த பகுதி மண்டபம் என்று பிள்ளைகளை நிற்கவைத்துக் காட்டினேன். "அப்படியானால் நம் கோயில் மாதிரிதான்" என்றாள் அவள். ஒரு மணி நேரப் பாடம் செய்ய முடியாததை அந்த மேடை செய்துவிட்டது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. லேம்ப் அகழ்ந்தபோது கருவறைப் பகுதியில் சிறு கற்பேழைகள் கிடைத்தன. பேழையின் உள்ளே நடுவில் ஒன்றும் சுற்றி எட்டுமாக ஒன்பது குழிகள். அவற்றோடு செப்புக் கலயங்களும் மணிகளும் பொன் தகடுகளும் இருந்தன. நம் ஆலயக் கும்பாபிஷேகத்தின்போது மூலவர் பீடத்தின் அடியில் யந்திரத் தகடும் நவரத்தினங்களும் வைத்ததை நீங்கள் கண்டீர்கள். வரிசையில் நின்று உங்கள் கையாலேயே காணிக்கை இட்டீர்கள். ஆலயம் எழுப்பும்போது நிலத்தில் மணியும் பொன்னும் வைக்கும் அந்த முறையை, ஜெராய் மலையடியில் வாழ்ந்தவர்களும் அன்றே செய்திருக்கிறார்கள். ஏட்டில் படிப்பது வேறு, கண்ணால் காண்பது வேறு.

இவற்றைத் தமிழர்தாம் கட்டினார்கள் என்று சிலர் மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். கட்டியவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அந்த ஆலயத்தில் இல்லை. இந்தியக் குடியேறிகள் கட்டினார்கள் என்பது வேல்ஸ் காலத்துக் கருத்து. வணிகத்தால் வந்த சமயத்தை ஏற்றுக்கொண்ட உள்ளூர் மக்களே தம் முறையில் கட்டினார்கள் என்பது பின்வந்த ஆய்வாளர் பலரின் கருத்து. மரக்கூரையும் ஆற்றுக்கல்லும் அந்தக் கருத்துக்குத் துணை நிற்கின்றன. இதனால் நமக்கு எந்தக் குறையும் இல்லை. நம் சமயம் இந்த மண்ணின் மக்களால் விரும்பி ஏற்கப்பட்டது என்பது, நாம் வந்து கட்டினோம் என்பதைவிடப் பெரிய பெருமை அல்லவா? உண்மைக்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால், உண்மையையும் பிறர் நம்பமாட்டார்கள்.

அருகிலேயே சுங்கை பத்து இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அங்கே அகழாய்வு நடத்தியது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும், படகுத்துறையின் அடித்தளமும், வட்டமான செங்கல் மேடை ஒன்றும் வெளிப்பட்டன. அதன் காலம்பற்றி அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. 2023இல் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்னும் குன்றில் ஒரு புத்தத் தூபியும், ஆளுயரச் சுதை உருவங்களும் கண்டெடுக்கப்பட்டன. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். போகும் வழியில் புக்கிட் மெர்தாஜமில் நின்றால், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் பாறையைக் காணலாம். பல்லவர்கால எழுத்தில் அமைந்த பழைய வடமொழிக் கல்வெட்டு அதில் உள்ளது. ஒரு கிறிஸ்துவத் தலத்தின் வளாகத்தில் அது பத்திரமாக நிற்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பெருமக்களே, இதுவரை இருப்பதைச் சொன்னேன். இனி இழந்ததைச் சொல்ல வேண்டும்.

வேல்ஸ் எண்ணிட்ட முப்பதில் பதினோராம் எண் ஆலயம் சுங்கை பத்து பகுதியில் ஒரு பழைய தோட்ட நிலத்தில் இருந்தது. 2013ஆம் ஆண்டு இறுதியில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி நாளேடுகளில் வந்தது. நாடே வருந்தியது. பல இனத்தவரும் கண்டனம் தெரிவித்தனர். நிலம் தனியாருடையது, மரபுடைமைத் தலமாக அரசிதழில் பதியப்படவில்லை என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அன்று நடப்பில் இருந்தது. ஆனால் பதிவில் இல்லாததைச் சட்டம் எப்படிக் காக்கும்? அங்கே மாதம் ஒரு பள்ளிப் பேருந்து வந்து நின்றிருந்தால், ஆண்டுக்கு நூறு குடும்பங்கள் வந்து பார்த்திருந்தால், இயந்திரம் வந்த அன்றே யாராவது குரல் கொடுத்திருக்கமாட்டார்களா? கண்டுகொள்வார் இல்லாத இடத்தைக் காப்பாற்றுவது கடினம்.

இதை நம் வீட்டுக் கதையாகவே நான் பார்க்கிறேன். இந்நாட்டில் நம் கோயில்களில் பல, தோட்டத் தொழிலாளர்கள் ஆலமரத்தடியிலும் லயத்தின் ஓரத்திலும் கல் நட்டுக் கும்பிட்டதில் தொடங்கியவை. நிலமோ தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் விற்கப்பட்டபோது, 'இந்தக் கோயில் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறது, ஆதாரம் என்ன?' என்ற கேள்வி பல இடங்களில் எழுந்தது. வாய்ச்சொல் மட்டும் போதவில்லை. பழைய புகைப்படம், திருவிழா அழைப்பிதழ், வரிப்பணம் வாங்கிய இரசீதுக் கட்டை, கூட்டக் குறிப்பேடு, பெயர் பொறித்த குத்துவிளக்கு ஆகிய இவைதாம் பேசும் சான்றுகள். ஆனால் திருப்பணி என்றவுடன் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சாமான் அறையைக் காலி செய்கிறோம். கரையான் அரித்த புத்தகம் என்று எரிக்கிறோம், ஓட்டை விளக்கு என்று எடைக்குப் போடுகிறோம். புதுக் கோபுரம் எழும்புகிறது. அதன் வயதைச் சொல்லும் சாட்சி போய்விடுகிறது.

ஆகவே இந்த அவையின்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது, வரும் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு குடும்பமும் ஒருநாள் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்லுங்கள். திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பலர் ஆற்றில் குளிப்பதற்கென்றே அங்கே போகிறார்கள். குளியுங்கள், ஆனால் மேலே ஏறி ஆலயத்தையும் பாருங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கற்களின்மேல் ஏறவேண்டாம், கற்பூரம் ஏற்றவேண்டாம், ஞாபகத்திற்கு என்று ஒரு செங்கல் துண்டைக்கூட எடுக்கவேண்டாம். வருகைப் பதிவேடு இருந்தால் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். நாம் வந்தோம் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது, நன்கொடையாளர்களுக்கு. நம் அறநிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு பேருந்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக. அன்னதானத்திற்கு உபயம் இருக்கிறது, பூ அலங்காரத்திற்கு உபயம் இருக்கிறது. ஒரு பேருந்துக்கும் உபயக்காரர் ஒருவர் முன்வந்தால், நாற்பது பிள்ளைகள் தம் நாட்டு வரலாற்றைத் தொட்டுப் பார்த்ததுபோல் அறிந்துகொள்வார்கள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் முதல் அருங்காட்சியகமாக இருக்கும்.

மூன்றாவது, நம் ஆலயத்திற்கு. அடுத்த கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குமுன், சாமான் அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, படம் எடுத்து, ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பூட்டுள்ள கண்ணாடி அலமாரி ஒன்று மண்டபத்தின் ஓரத்தில் இருந்தால் போதும், அதுவே நம் அருங்காட்சியகம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய திருவிழாப் படமோ அழைப்பிதழோ இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். எண்பது வயதைத் தாண்டிய நம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலையை இளைஞர் பிரிவு ஏற்க வேண்டும். இதை மட்டும் அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

மெர்போக் ஆற்றங்கரையில் ஆலயம் எழுப்பியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பொன்னும் மணியும் வைத்த பேழை கிடைத்தது. அதனால் அவர்களுடைய பக்தியை அறிந்தோம். நமக்குப் பின் வருவோருக்கு நம் பெயரும் கிடைக்கட்டும், நம் பக்தியும் தெரியட்டும். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் துணைநிற்பானாக.